இந்த மாதப் பாடம்: தவறு நம்முடையதா, வண்டியுடையதா?



சென்ற மாதம் குழுக் காப்பீடு பற்றிப் படித்தோம். இந்த மாதம் நாம் படிக்கப்போவது இருசக்கர வண்டி பற்றி. இதைச் சொன்னதும் ஒரு குழுவில், "வண்டியைப் பத்தி எங்களுக்கு எதுக்குங்க பாடம்? அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒரு அம்மா கேட்டார். "வீட்டில் வண்டி இருப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றோம். பதினான்கு பேரில் பதினொரு பேர் தூக்கினார்கள். "அதில் நீங்களே ஓட்டுபவர்கள்?" என்றோம். ஐந்து கைகள். "பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள்?" கேட்ட அம்மா உட்பட எல்லாக் கைகளும் உயர்ந்தன. அப்புறம் பாடம் தொடங்குவதில் சிரமம் இருக்கவில்லை.

முன்பு நாம் வங்கிக்குப் போக வேண்டும் என்றால் காலை பஸ், அதை விட்டால் மதியம் பஸ். இன்று நம் ஊக்குநர்கள், பிரதிநிதிகள், பால் ஊற்றுபவர்கள், தையல் வேலைக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைத் தளப் பொறுப்பாளர்கள் எனப் பலரும் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். 2018-இல் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டம் தொடங்கியபோது நம் உறுப்பினர்களில் சிலரும் வாங்கினார்கள். மற்றவர்கள் குழுக் கடனில், நகைக் கடனில், மாதத் தவணையில் வாங்கினார்கள். அறுபதாயிரம், எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று நாம் போடும் பணம் அது. அதைவிட, நம் உயிரையும் பிள்ளைகளின் உயிரையும் அதன் மேல்தான் ஏற்றி வைக்கிறோம். அதனால் இது நம் சமாச்சாரம்தான்.

ஒரு கூட்டத்தில் நடந்தது

சில மாதங்களுக்கு முன் நம் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்துக்கு ஒரு ஊக்குநர் அக்கா கையில் கட்டுடன் வந்தார். கால்வாய் ஓரம் உள்ள வளைவில் ஸ்கூட்டரோடு விழுந்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மகளுக்கு முழங்காலில் நான்கு தையல். "நான் ஊக்குநர் பொறுப்பிலிருந்து விலகிக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியல. வீட்டுக்காரர் சாவியை எடுத்து வச்சிட்டார். இனிமே பஸ்ஸுல வந்து போக எனக்கு நேரம் இல்ல" என்று தீர்மான நோட்டில் எழுதச் சொன்னார்.

நாங்கள் உடனே எழுதவில்லை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டோம். "வளைவுல ஆக்சிலேட்டரை விட்டேன். விட்டும் வேகம் குறையல. கைப்பிடி திரும்பி வராம அப்படியே நின்னுடுச்சு. பிரேக்கைப் பிடிச்சேன், மண்ணுல சறுக்கிடுச்சு" என்றார். அதற்கு முன்பே இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. ஷோரூமில் சொல்லியும் இருக்கிறார். "மண் ரோட்டுல ஓட்டுறீங்கம்மா, தூசி அடைச்சிருக்கும்" என்று சுத்தம் செய்து 850 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அப்போது மூன்றாவது வரிசையில் இருந்த இன்னொரு குழுவின் பிரதிநிதி எழுந்தார். "அக்கா, கைப்பிடி திரும்பி வரலைன்னா சொன்னீங்க? எனக்கும் அதேதான் ஆகுது. நான் பழகிக்கிட்டேன், கையாலேயே திருப்பி விட்டுடுவேன்." என்ன வண்டி என்று கேட்டால் அதே கம்பெனி, அதே மாடல், அதே வருடம். கூட்டம் முடிவதற்குள் மூன்றாவதாக ஒரு தங்கையும் வந்து சொன்னார். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு ஊர். மூன்று பேரும் "தப்பு என்னோடதுதான்" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியின் பெயரை இங்கே நாங்கள் எழுதவில்லை. அந்த வண்டியில் குறைபாடு இருக்கிறதா என்று இன்னும் யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. நம் சந்தேகத்தை நாமே தீர்ப்பாக எழுதக் கூடாது. ஆனால் சந்தேகத்தை உரிய இடத்தில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பாடம்.

தேய்மானம் வேறு, தயாரிப்புக் குறைபாடு வேறு

எல்லாப் பழுதும் கம்பெனியின் தவறு அல்ல. டயர் வழுக்கையாவது, பிரேக் கட்டை தேய்வது, பல்பு போவது, ஆயில் மாற்றாமல் இன்ஜின் கெடுவது இவையெல்லாம் ஓட்ட ஓட்ட வருபவை. அதை நாம்தான் பார்த்துச் சரி செய்ய வேண்டும். ஒரு ஸ்கூட்டரில் நான்கு பேரையும் இரண்டு அரிசி மூட்டையையும் ஏற்றிவிட்டு ஷாக் அப்சர்பர் போய்விட்டது என்று கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

தயாரிப்புக் குறைபாடு என்பது அந்த வண்டி தொழிற்சாலையில் இருந்து வரும்போதே கூட வந்தது. வடிவமைப்பில் பிழை இருக்கலாம். ஒரு பாகத்துக்குப் போட்ட இரும்போ ரப்பரோ தரம் குறைந்ததாக இருக்கலாம். பொருத்தும்போது போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கலாம். நாம் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அது ஒருநாள் வெளியே வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் மெக்கானிக் இல்லை. ஆனால் நான்கு கேள்விகள் கேட்கலாம்:

1. வண்டி புதியதா? வாங்கிச் சில மாதங்களிலேயே, அல்லது குறைந்த கிலோமீட்டரிலேயே வந்த பழுதா?
2. சரி செய்த பிறகும் அதே பழுது திரும்பத் திரும்ப வருகிறதா?
3. அதே மாடல் வைத்திருக்கும் வேறு ஆட்களுக்கும் இதேபோல ஆகிறதா?
4. அது பிரேக், ஆக்சிலேட்டர், ஹேண்டில், சக்கரம், பெட்ரோல் கசிவு, ஒயர், பேட்டரி போன்ற உயிரோடு சம்பந்தப்பட்ட பாகமா?

இந்த நான்கில் மூன்றுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் பேசாமல் இருக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். நகரத்தில் தனி வீட்டில் இருப்பவருக்கு அடுத்த தெருவில் யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. நமக்கோ மாதம் ஒரு கூட்டம் இருக்கிறது. பல ஊர்ப் பெண்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். இந்த வசதி பெரிய பெரிய ஆட்களுக்குக்கூடக் கிடையாது.

ரீகால் என்றால் என்ன?

ஒரு மாடலில் ஆபத்தான குறைபாடு இருக்கிறது என்று தெரிந்ததும், அந்தக் காலத்தில் தயாரித்த வண்டிகள் அனைத்தையும் கம்பெனி திரும்ப வரவழைத்து, பரிசோதித்து, குறையுள்ள பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதற்குப் பெயர் ரீகால். தமிழில் திரும்பப் பெறுதல் என்கிறோம்.

திரும்பப் பெறுதல் என்றதும் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அரை நாள் வேலை. சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்து வருவதுதான். கெட்டுப்போன பிறகு மாற்றுவது ரிப்பேர். கெடுவதற்கு முன்பே, யாரும் விழுவதற்கு முன்பே மாற்றுவது ரீகால்.

நடந்த சில ரீகால்கள்

"இதெல்லாம் நம்ம நாட்டுல நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது.

2021 மே மாதம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு கம்பெனி 2,36,966 மோட்டார் சைக்கிள்களை ரீகால் செய்தது. இக்னிஷன் காயில் என்ற பாகத்தில் குறை. அதனால் இன்ஜின் விட்டு விட்டு ஓடும். அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்று கம்பெனியே சொன்னது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்றாலும் எல்லா வண்டியையும் பார்த்தாக வேண்டும் என்று அழைத்தார்கள். அதே வருடம் டிசம்பரில் பின் பிரேக் சம்பந்தமாக 26,300 கிளாசிக் 350 வண்டிகளை அழைத்தார்கள்.

2024 பிப்ரவரியில் யமஹா கம்பெனி சுமார் 3 லட்சம் ஸ்கூட்டர்களை அழைத்தது. ஃபேசினோ, ரே இசட்.ஆர். என்ற 125 சி.சி. மாடல்கள். பிரேக் லீவரில் கோளாறு. 2022 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 4 வரை தயாரான வண்டிகள் அவை.

2024 ஜூலையில் சுசுகி கம்பெனி 3,88,411 ஸ்கூட்டர்களை அழைத்தது. இதில் ஆக்சஸ் 125 மட்டும் 2,63,788. இக்னிஷன் காயிலில் இருந்து போகும் ஒயர், இன்ஜின் அதிர்வில் விரிசல் விடலாம், விட்டால் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம் என்பது காரணம். 2022 ஏப்ரல் 30 முதல் டிசம்பர் 3 வரை தயாரானவை. லாரி பின்னால் வரும்போது நடுரோட்டில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

மின்சார ஸ்கூட்டர்களிலும் நடந்தது. 2022 மார்ச் மாதம் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தச் சமயத்தில் வேறு ஊர்களிலும் மின்சார வண்டிகள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு போட்டது. ஏப்ரல் மாதம் ஒகினாவா கம்பெனி 3,215 வண்டிகளையும், ப்யூர் ஈ.வி. 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் பரிசோதனைக்கு அழைத்தன. அதன் பிறகு பேட்டரிக்கான பாதுகாப்புச் சோதனை விதிகள் 2022 டிசம்பர் முதல் கடுமையாக்கப்பட்டன.

ரீகால் செய்த கம்பெனி மோசமான கம்பெனி என்று நினைக்காதீர்கள். தவறைக் கண்டுபிடித்துத் தானே சொல்வது நல்லதுதான். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.

வண்டி வைத்திருப்பவர்கள் பேசியதால் நடந்தது

கம்பெனி தானாக முன்வராத நேரமும் உண்டு. அப்போது வண்டி வாங்கியவர்கள்தான் பேச வேண்டும். ஓலா ஸ்கூட்டரின் முன் ஃபோர்க் விஷயம் இதற்கு நல்ல உதாரணம். முன் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பாகத்துக்குத்தான் ஃபோர்க் என்று பெயர். இந்த ஸ்கூட்டர் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் பெண் தொழிலாளர்களைக் கொண்டு நடக்கும் தொழிற்சாலையில் தயாராவது. 2022-இல் பல ஊர்களில் வண்டி வைத்திருந்தவர்கள், முன் ஃபோர்க் உடைந்து சக்கரம் கழன்றது என்று படம் எடுத்துப் பொதுவெளியில் போட்டார்கள். ஒருவர் படத்தைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து வேறொருவர் என்று சேர்ந்தது. எல்லா வண்டியையும் அழைத்துப் பாகத்தை மாற்றுங்கள் என்று குரல் எழுந்தது.

பயப்பட ஆதாரம் இல்லை, நன்றாகச் சோதித்துத்தான் போட்டிருக்கிறோம் என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் 2023 மார்ச் மாதம், விருப்பப்பட்டவர்களுக்குப் புதிய வடிவ முன் ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. அதை ரீகால் என்று அவர்கள் சொல்லவில்லை. எந்தப் பெயரில் சொன்னாலும் சரி, தனித்தனியாக இருந்த புகார்கள் ஒன்று சேர்ந்ததால் பல ஆயிரம் பேருக்குப் புதிய பாகம் பெறும் வழி திறந்தது.

இன்னொன்றும் சொல்கிறோம். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அதே கம்பெனி பற்றி 10,644 புகார்கள் போயின. சர்வீஸ் தாமதம், டெலிவரி தாமதம் போன்ற பலவகைப் புகார்கள் அவை. அந்த எண்ணிக்கையை வைத்து 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கவனிக்க வேண்டியது, போன் செய்து சொன்ன ஒவ்வொரு புகாரும் கணக்கில் ஏறியிருக்கிறது. ஷோரூம் கவுண்ட்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தவை எந்தக் கணக்கிலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு நம் நாட்டில் ரீகாலுக்குச் சட்டம் இல்லை. 2012-இல் இருந்து கம்பெனிகள் தங்கள் சங்கத்தின் மூலம் தாங்களாக வகுத்துக்கொண்ட ஒரு நடைமுறைதான் இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதன்படி, ஒரு வகை வண்டியில் உள்ள குறைபாடு ஓட்டுபவருக்கோ, உட்கார்ந்து போகிறவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ தீங்கு செய்யும் என்றால், திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு மத்திய அரசு உத்தரவு போடலாம்.

அரசுக்கு அது எப்படித் தெரியும்? மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். வண்டி வைத்திருப்பவர்களில் குறிப்பிட்ட அளவு பேர் புகார் தருவது முதல் வழி. பரிசோதனை நிறுவனம் சொல்வது இரண்டாவது. வேறு எந்த வழியிலாவது தகவல் வருவது மூன்றாவது. முதல் வழியாக வைத்திருப்பது நம்மைத்தான்.

உத்தரவு வந்தால் கம்பெனி ஒன்று பணத்தைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் வேறு வண்டி தர வேண்டும் அல்லது பழுதை நீக்கித் தர வேண்டும். அபராதமும் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அது வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி வரை. கம்பெனி தானே குறையைக் கண்டு, அரசுக்குச் சொல்லி, வண்டிகளை அழைத்துவிட்டால் அபராதம் இல்லை.

இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, இந்த விதி ஏழு வருடத்துக்குள் இருக்கும் வண்டிகளுக்குத்தான். இரண்டு, அந்த மாடல் ஒரு வருடத்தில் எத்தனை விற்றதோ அதற்குத் தக்கபடி இத்தனை புகார் வர வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதிகம் விற்ற வண்டிக்கு நூற்றுக்கணக்கில், அதற்கு மேலும் புகார் வேண்டியிருக்கும். நம் மூன்று பேர் மட்டும் போதாது. ஆனால் எல்லா ஊரிலும் மூன்று மூன்று பேர் "நம்ம மூணு பேரால என்ன ஆகும்" என்று உட்கார்ந்திருந்தால் கணக்கு என்றைக்கும் நிறையாது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சந்தாவில் குழுவை ஆரம்பித்து லட்சத்தில் கடன் எடுத்தவர்கள் நாம். சின்ன எண் எப்படிப் பெரிய எண்ணாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் உயிர். ஆபத்தான பழுது என்று தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். பழகிக்கொள்ளாதீர்கள். ஓடும்போது ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் சாவியை ஆஃப் செய்யுங்கள். ஹேண்டில் பூட்டு விழும் பக்கம் திருப்பிவிடாதீர்கள்.

2. ஜாப் கார்டைப் படியுங்கள். வண்டியை சர்வீஸுக்கு விடும்போது நாம் சொல்லும் குறையை எழுதும் சீட்டு அது. நம் ஊக்குநர் அக்காவின் சீட்டைப் பார்த்தோம். இரண்டு முறையும் "ஜெனரல் சர்வீஸ்" என்று மட்டுமே எழுதியிருந்தது. அவர் சொன்னதற்கு ஒரு வரி ஆதாரம் இல்லை. "ஆக்சிலேட்டர் விட்டால் திரும்பவில்லை" என்று நாம் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

3. படம் எடுங்கள். உடைந்த பாகம், கிலோமீட்டர் காட்டும் மீட்டர், விழுந்த இடம். இலவசமாக மாற்றும்போது பழைய பாகத்தைப் பெரும்பாலும் கம்பெனிதான் வைத்துக்கொள்ளும். அதனால் மாற்றுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

4. சேசிஸ் நம்பரை எழுதி வையுங்கள். ஆர்.சி.யில் 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ரீகால் வரும்போது நம் வண்டி அதில் வருகிறதா என்று அந்த நம்பரை வைத்துத்தான் பார்ப்பார்கள். கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம், ஷோரூமிலும் கேட்கலாம். பொதுவாக ரீகால் வேலைக்கு வாரண்டி முடிந்துவிட்டதா என்று பார்ப்பதில்லை. பணமும் கேட்கக் கூடாது.

5. ஆர்.சி. யார் பேரில், யார் போன் நம்பரில் இருக்கிறது? இது மிக முக்கியம். பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவர்கள் நம்மில் நிறையப் பேர். கம்பெனி அனுப்பும் தகவல் பழைய சொந்தக்காரருக்குப் போகும். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். புது வண்டியிலும் சில நேரம் வாங்கித் தந்த தம்பியின் நம்பரோ, புரோக்கரின் நம்பரோ இருக்கிறது. உடனே சரி செய்யுங்கள்.

6. எழுத்தில் புகார் கொடுங்கள். ஷோரூமுக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாதிரிக் கடிதம் கீழே இருக்கிறது.

7. அரசிடம் பதியுங்கள். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தில் வாகன ரீகால் என்ற பகுதியில் வண்டிக் குறைபாட்டைப் பதியலாம். இணையம் தெரியாவிட்டால் படித்த பிள்ளைகளையோ கூட்டமைப்பு அலுவலகத்தையோ கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே குறை உள்ள பலர், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாகச் சேர்ந்தும் போடலாம்.

மாதிரிக் கடிதம்

"ஐயா / அம்மா, நான் ________ தேதியில் தங்களிடம் ________ மாடல் வண்டி வாங்கினேன். பதிவு எண் ________. சேசிஸ் எண் ________. இதுவரை ________ கிலோமீட்டர் ஓடியுள்ளது. ________ தேதியில் இருந்து இந்தக் குறை உள்ளது: ________. இதற்காக ________ தேதிகளில் சர்வீஸுக்கு விட்டும் சரியாகவில்லை. இதனால் ________ அன்று விபத்து ஏற்பட்டது / ஏற்பட இருந்தது. எங்கள் பகுதியில் இதே மாடல் வைத்திருக்கும் மேலும் ________ பேருக்கும் இதே குறை உள்ளது. எனவே குறையுள்ள பாகத்தை இலவசமாக மாற்றித் தரும்படியும், இந்த மாடல் வண்டிகள் அனைத்தையும் பரிசோதித்து, குறைபாடு இருந்தால் ரீகால் அறிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரவும்."

நடந்ததை மட்டும் எழுதுங்கள். கோபத்தில் கூட்டி எழுத வேண்டாம். வண்டி 40 வேகத்தில் போனால் 40 என்றே எழுதுங்கள். தலைக்கவசம் போடவில்லை என்றால் போட்டதாக எழுதாதீர்கள். ஒரு பொய் இருந்தால் மீதி உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

அந்த மூன்று பேருக்கும் என்ன ஆயிற்று?

மூன்று பேரும் ஒரே நாளில் மூன்று கடிதம் அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் ஷோரூமில் இருந்து போன் வந்தது. கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்தார். ஆக்சிலேட்டர் கேபிளையும் கைப்பிடியையும் மூன்று வண்டிக்கும் இலவசமாக மாற்றினார்கள். 850 ரூபாயும் திரும்ப வந்தது. பிறகு ஒரு தாளை நீட்டி, "புகார் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். தங்கை உடனே பேனாவை எடுத்துவிட்டார். பிரதிநிதி அக்காதான் தடுத்தார். "எங்க வண்டி சரியாச்சு சார், சந்தோஷம். ஆனா இதே வண்டியை இதே மாசம் வேற ஊருல வாங்கினவங்க இருக்காங்கல்ல? அவங்களுக்கு யார் சொல்லுவா?" என்று கேட்டார். இன்ஜினியரிடம் பதில் இல்லை. கடைசியில் "பாகம் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

அரசு இணையதளத்திலும் மூன்று பேரும் பதிந்திருக்கிறார்கள். இதுவரை ரீகால் வரவில்லை. வரும் என்று நாங்கள் வாக்குறுதி தரவும் முடியாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று ஊக்குநர் அக்கா இன்னும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்.

ராஜினாமாவை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜாப் கார்டும் மாற்றிய பாகத்தின் படமும் காட்டிய பிறகு, வீட்டுக்காரர் சாவியை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டாராம். வேறு எதுவும் சொல்லவில்லையாம். கால்வாய் வளைவு வந்தால் மட்டும் இன்னமும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன் என்றார். கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் அக்கா, பரவாயில்லை என்றோம்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் யார் யாரிடம் வண்டி இருக்கிறது? மாடல், வாங்கிய வருடம், சேசிஸ் எண், ஆர்.சி. யார் பேரில் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ரீகால் செய்தி வந்தால் பட்டியலைப் பார்த்து உங்களுக்குச் சொல்வோம்.

2. வண்டியில் ஏதாவது குறையைக் கையாலேயே சரி செய்து பழகிக்கொண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்களா? என்ன குறை?

3. வண்டிக் கடன் கொடுக்கும்போது ஆர்.சி., இன்சூரன்ஸ் நகலோடு சர்வீஸ் ஜாப் கார்டையும் பத்திரமாக வைக்கச் சொல்லித் தீர்மானம் போடலாமா?

4. வீட்டில் ஒரு பெண் வண்டியில் விழுந்தால் முதலில் என்ன சொல்கிறோம்? "உனக்கு ஓட்டத் தெரியல" என்கிறோமா, "வண்டியில என்ன ஆச்சு" என்று கேட்கிறோமா?

நான்காவது கேள்விக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்லுங்கள். நீங்கள் பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.